காப்பு கட்டிய தோழர்

மருதப்பனுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. வாழ்நாளில் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவர், ஞாயிறுதோறும் பேருந்தேறிச் சிராங்கூன் சாலைக்கு வருவார். அங்கே மிளகாய் அரைக்கும் கடையொன்றின் மாடியில், அவரோடு சேர்த்துத் தளத்துத் தொழிலாளர் ஏழு பேர் கூடிப் பொதுவுடைமை படித்தார்கள். கீழே இயந்திரம் ஓடத் தொடங்கினால், மேலே வரலாற்றின் விதிகளுக்கு நடுவே தும்மல் வரும்.

வாசிப்புக்கு முன் ஒரு முறைமை இருந்தது. ஒவ்வொருவரும் எழுந்து நின்று, அந்த வாரம் தாம் செய்த பிழையை எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். தன்விமர்சனம் என்று அதற்குப் பெயர். அதைக் கொண்டுவந்தவரும் மருதப்பன்தான். கேட்டுத் தீர்ப்புச் சொல்பவரும் அவர்தான்.

ஒருநாள், இயந்திரம் பொருத்தும் ஃபிட்டர் நெய்னா முகம்மது குறும்பாக ஒரு கேள்வி போட்டான்.

"அண்ணே, நமக்கும் வேதம் இருக்கு, சுவத்துல படம் இருக்கு, வரப்போற சொர்க்கமும் இருக்கு. அப்ப இதுவும் ஒரு மதந்தானே லா?"

எல்லாரும் சிரித்தார்கள். மருதப்பனும் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார். மேய்ப்பன் செத்து மாதக்கணக்காகியும், வேலியில் சாத்திக் கிடந்த அவன் கோலைக் கண்டு ஆடுகள் நடுங்கிக்கொண்டே இருந்தனவாம். ஒரு கிழட்டு ஆடு துணிந்து போய் அந்தக் கோலைக் கடித்துப் பார்த்ததாம், வெறும் மரம்.

"மதம் பயத்துல நிக்குது தம்பி. இங்க எவனும் எவனுக்கும் பயப்பட வேண்டியதில்ல. அதான் வித்தியாசம்" என்று முடித்தார். அந்தப் பதிலில் எல்லாருக்கும் நிறைவு.

அது ஐம்பத்தைந்தாம் ஆண்டு. ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில், கப்பலில் துரு சுரண்டும் அழகப்பன், அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தளத்துத் தொழிலாளர் குவார்ட்டர்ஸில் எட்டு வருடமாக மருதப்பனுக்கு அடுத்த வீட்டுக்காரன். அவன் முறை வந்தபோது, இந்த வாரம் பிழை எதுவும் இல்லை என்றான். மருதப்பன் சட்டைக்கையை மடித்துவிடச் சொன்னார். மணிக்கட்டில், மஞ்சள் கிழங்கு முடிந்த நூல். மாரியம்மன் கோயிலில் தீமிதிப்பதற்கு நேர்ந்துகொண்டவர்கள் கட்டும் காப்பு.

மனைவி சந்திரமதி பிரசவத்தில் மூன்று நாள் செத்துப் பிழைத்ததையும், ஆஸ்பத்திரி நடையில் நின்றபடியே தான் நேர்ந்துகொண்டதையும் அழகப்பன் தலைகுனிந்து சொன்னான். தாயையும் பிள்ளையையும் காத்தது டாக்டரின் கத்தியும் யாரோ கொடுத்த இரத்தமும்தான் என்று மருதப்பன் பொறுமையாக விளக்கினார். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"எல்லாம் சரிதாண்ணே. ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல. பொழச்சு வந்த பெறகு இல்லேங்கறது நல்லாவா இருக்கு?"

காப்பை அங்கேயே அவிழ்க்கச் சொன்னார். அவன் அவிழ்க்கவில்லை. தவற்றை உணர்ந்து திரும்பும்வரை அவனோடு யாரும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மருதப்பன் தீர்ப்புச் சொன்னார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

ஊர்விலக்கு வைப்பது எப்படியென்று அவர்களில் எவருக்கும் யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை கேன்டீனில் அழகப்பன் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். இரண்டு நாளில் அது வீட்டுப் பெண்களுக்கும் எட்டியது. பச்சை உடம்புக்காரி சந்திரமதி குழாயடிக்கு வந்தால் குடங்கள் விலகின. மருதப்பன் தம் சன்னலிலிருந்து அதைக் கண்டார். கட்டுப்பாடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனால் தீமிதி நாளன்று அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்ட பக்தர்களின் பின்னே, கூட்டத்தோடு கூட்டமாக, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில்வரை நடந்தே போனார். தீக்குழியின் விளிம்பில், நோன்பில் வற்றிய உடம்பும் மஞ்சள் வேட்டியுமாக அழகப்பன் வந்து நின்றான். இறங்கினான். நாலாவது எட்டில் அவன் கால் தடுமாறியது. அந்தக் கணத்தில் மருதப்பனின் இரு கைகளும் தாமாகத் தலைக்குமேல் குவிந்தன; "தாயே!" என்று வாய் அலறியது. அழகப்பன் சமாளித்துக் கடந்து, பால்குழியில் கால் நனைத்து நிமிர்ந்தான். அவன் பார்வை நேரே அவர்மேல் விழுந்தது.

அடுத்த ஞாயிறு. தச்சன் முத்துசாமி காய்ச்சலென்று வரவில்லை. வெல்டர் மாணிக்கம் தயங்கியபடி எழுந்தான்.

"தோழர் தப்பா நெனைக்கக் கூடாது. ஒங்கள கோயில்ல பார்த்ததா என் வீட்டுக்காரி சொன்னா."

நான்கு முகங்கள் அவரைப் பார்த்தன. கும்பிட்டேன் என்ற ஒரு சொல் போதும். ஆனால் நாளைக் காலையின் கேன்டீன் பெஞ்சு மருதப்பனின் கண்முன் வந்தது. அந்தச் சொல்லைத் தடுத்ததன் பெயர் என்னவென்று அவருக்குத் தெரியும். ஆடுகளின் கதையை முடிக்கும்போது அவரே சொன்ன பெயர்தான், பயம்.

"வேவு பாக்கத்தான் போனேன். நம்ம ஆளுங்க யார் யார் அங்க வாராங்கன்னு தெரிய வேணாமா?"

மாணிக்கம் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். நெய்னா முகம்மது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைதட்டல் ஓய்ந்ததும் யாரோ கேட்டார்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று.

வேவு பார்த்தவன் ஒரு பெயராவது கொண்டுவந்திருக்க வேண்டுமல்லவா?

"முத்துசாமிய" என்றார் மருதப்பன். அவர் அங்கே முத்துசாமியைக் காணவேயில்லை. தீர்ப்பை அவர் சொல்ல வேண்டியதுகூட இல்லாமல் போயிற்று, மற்றவர்களே சொன்னார்கள்.

அன்று மாலை அழகப்பன் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அழகப்பன் மடியில் கிடந்த பெண்குழந்தையைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க கையெடுத்தத பாத்தேண்ணே. எனக்காகத்தானேன்னு ஆறுதலா இருந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றான். பிறகு, "ஆனா இத எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? முத்துசாமி வீடு மூணாவது பிளாக்கு."

நாளைக்குப் போகிறேன் என்று மருதப்பன் முனகினார்.

"கேன்டீன் பெஞ்சுல காலைல ஏழு மணிக்கே நகந்துருவாங்கண்ணே."

மூன்றாவது பிளாக்குக்கு நூறடிகூட இராது. அதற்குள் இரண்டு முறை நின்றார். கதவைத் திறந்த முத்துசாமியின் மனைவி பாக்கியலட்சுமி முகமெல்லாம் மலர்ந்து, காய்ச்சல் என்றதும் கிராணி அண்ணனே பார்க்க வந்துவிட்டார் என்று உள்ளே குரல் கொடுத்தாள். இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். முத்துசாமி போர்வையோடு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மாடியில் நிற்பதுபோலவே கைகட்டி நின்றார்.

"கூட்டத்துக்கு வராதது என் தப்புதாண்ணே. காய்ச்சல்னு சாக்குச் சொல்லக்கூடாது. எப்படியாவது வந்திருக்கணும்..."

மருதப்பன் நாற்காலியில் உட்காரவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவும் கூடவில்லை.

"நீங்க உக்காருங்க முத்துசாமி" என்றார். "நின்னு சொல்ல வேண்டியவன் நானு."