இரண்டு ஆண்டில் தயார்

எங்கள் நிறுவனத்தின் தலைமையில் பதினான்கு பேர். பதினான்கு பேரும் ஒரே இனம், ஒரே நிறம், பாதிப் பேர் ஒரே பள்ளிக்கூடம். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் அவர்களுடைய படத்தைக் காட்டி யார் யாரென்று புதியவர்களுக்குச் சொல்லும்போது, நான் டையின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வேன்.

எங்கள் இனத்து ஆட்களுக்கு அங்கே பஞ்சமில்லை. கிடங்கில், லாரி வாசலில், துப்புரவில் எங்கே திரும்பினாலும் நாங்கள்தான். மாடி ஏற ஏறக் குறைந்துவிடுவோம். ஐந்தாம் மாடியில் நான் ஒருத்தி மட்டும். மனிதவளப் பிரிவில் உதவியாளர். என் மேசை பிரிண்டருக்கு எதிரே இருக்கிறது.

என் வேலைகளில் ஒன்று வாரிசுப் பட்டியல். பெரிய பதவியில் இருப்பவர் போய்விட்டால் அடுத்து யார் என்று எழுதிவைக்கும் தாள் அது. ஒவ்வொரு பதவிக்கும் மூன்று கட்டங்கள்: இப்போதே தயார், இரண்டு ஆண்டில் தயார், ஐந்து ஆண்டில் தயார். நவம்பர் வந்தால் எங்கள் பிரிவின் இயக்குநர் அம்மாள் கூப்பிடுவார். அவருக்கு நான் வைத்த பெயர் தலையாட்டி. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். கேட்டு முடித்ததும் தான் நினைத்ததையே செய்வார்.

"போன வருஷத்து ஃபைலையே எடுத்து வருஷத்த மட்டும் மாத்திடும்மா" என்பார். மாற்றுவேன்.

சரக்குப் பிரிவுத் தலைவர் பதவிக்கு நேரே, இரண்டாவது கட்டத்தில், ஒன்பது வருடமாக ஒரே பெயர். என் அண்ணனுடையது.

அந்த ஒன்பது வருடத்தில் அந்த நாற்காலிக்கு மூன்று பேர் வந்து போனார்கள். மூவருக்கும் வேலை சொல்லிக்கொடுத்தது துணை மேலாளரான அண்ணன்தான். எந்த லாரியை எந்த வாசலில் விட வேண்டும், மழை பெய்தால் எந்த வாசலில் தண்ணீர் கட்டும், எந்த டிரைவரிடம் கத்தினால் சாவியை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விடுவார், எல்லாம். இருவர் கற்றுக்கொண்டு மேலே போனார்கள். ஒருவர் எதையும் கற்றுக்கொள்ளாமலேயே இன்னும் மேலே போனார்.

ஒவ்வொரு நவம்பரிலும் அண்ணன் கேட்பார். "பட்டியல்ல இருக்கேனாம்மா?"

"இருக்கீங்கண்ணா."

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். என்ன கேவலமான சமாதானம்!

இந்த வருடம் மூன்றாமவரும் போய்விட்டார். ஏழு வாரமாக அண்ணன்தான் தன் பழைய மேசையில் உட்கார்ந்து அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார். தலைவருக்கான பெரிய அறை பூட்டியே கிடந்தது. அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்தத் தடவை விட்டால் இனிமேல் இல்லை என்பது அவருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

அப்போதுதான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளரிடமிருந்து ஒரு படிவம் வந்தது. தெருவுக்குத் தெரு கடை வைத்திருக்கும் நிறுவனம். அவர்கள் சரக்கு நின்றால் எங்கள் லாரிகளில் பாதி நின்றுவிடும். உங்கள் தலைமையில் எந்தெந்த இனத்தவர் எத்தனை பேர், நேரில் வந்து பார்ப்போம், அதன் பிறகே ஒப்பந்தம் என்று எழுதியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் போட்டார்கள். எம்.டி., தலையாட்டி, நிதி இயக்குநர். குறிப்பெடுக்க நான்.

"பூஜ்யம்னு எழுதி அனுப்ப முடியாது" என்றார் எம்.டி. எனக்கு மனசு துள்ளியது. காலியாக ஒரு நாற்காலி, ஒன்பது வருடமாகத் தயாராகிக்கொண்டிருக்கும் ஒரு ஆள், ஒரு கையெழுத்து. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

நிதி இயக்குநர் யோசித்தார். "முதல்ல, தலைமைன்னா என்ன?" என்று ஞானம் பிறந்தவர்போல் கேட்டார். "நாலு பேரை வேலை வாங்குற எல்லாருமே தலைவர்தானே?"

எம்.டி.யின் முகம் மலர்ந்தது. தலையாட்டி ஆட்டினார். மூன்று மணிக்குத் தலைமை பதினான்கிலிருந்து தொண்ணூற்றேழு ஆனது. அதில் இருபத்தொரு பேர் எங்கள் ஆட்கள். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. பெரிய அறையின் பூட்டு பூட்டாகவே இருந்தது. மூன்று பேரும் ஏதோ மலையைப் புரட்டிவிட்டவர்கள் மாதிரி டீ குடித்தார்கள். கப்புகளை நான்தான் எடுத்துவைத்தேன்.

'வாழ்த்துகள்! நீங்கள் இன்று முதல் நம் தலைமைக் குழுவில் ஒருவர்' என்று தொண்ணூற்றேழு பேருக்கும் கடிதம் போகவேண்டுமாம். அனுப்பியதும் நான்தான்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனால், அண்ணி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் புது ஷூ வாங்கி வந்து கூடத்தில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டுப் பதவிதான் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அண்ணி அதற்குள் தன் அக்கா, தங்கை, தம்பி பெண்டாட்டி வரை போன் போட்டு முடித்திருந்தார்.

"அண்ணா, அந்த லெட்டர் துப்புரவு சூப்பர்வைசரம்மாவுக்கும் போயிருக்கு" என்றேன்.

அண்ணன் நடப்பதை நிறுத்தினார்.

"அப்போ சம்பளம்?" என்றார் அண்ணி.

"அதேதான் அண்ணி."

"வேலை?"

"அதேதான்."

"நல்லா காது குத்தியிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனார். எந்த அக்காவுக்கு முதலில் போன் போட்டு என்னவென்று சொல்வது என்ற கவலை அவருக்கு.

அண்ணன் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "பட்டியல்ல என் பேருக்கு மேல என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது."

"யாரு டைப் பண்றது?"

"நான்தாண்ணா."

திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். ஷூவை டப்பாவில் வைத்து மூடினார். எனக்கு அழுகை வந்தது; அவர்கள்மேல் இருந்ததைவிட என்மேல்தான் ஆத்திரம் அதிகம்.

அடுத்த வாரம் சரிபார்க்க வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். எங்கள் இனம். லிஃப்டிலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. இவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று நினைத்தேன். கூட்ட அறையில் எம்.டி.யின் வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் துப்புரவு சூப்பர்வைசரம்மா. அந்த அம்மா பாவம், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

வந்தவர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "எவ்வளவு நாளா தலைமையில இருக்கீங்க?"

அண்ணன் நிதானமாகச் சொன்னார். "போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணியிலேருந்து."

நிதி இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. எம்.டி. திடீரென்று பெரிதாகச் சிரித்தார். "எப்பவும் இப்படித்தான், தமாஷான ஆளு!" உடனே எல்லோரும் சிரித்தார்கள். தலையாட்டி சிரித்துக்கொண்டே ஆட்டினார். வந்தவர் சிரிக்கவில்லை. படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார்.

லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டேன். "அவர் உங்க அண்ணனா? முகஜாடை தெரியுது" என்றார்.

"ஆமா மேடம்."

தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். பெரிய பதவி, பளபளவென்று புது அச்சு. "அவர்கிட்ட சொல்லுங்க. நான் போன மாசத்துலேருந்துதான்." லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. தூ என்று துப்பத் தோன்றியது. யார்மேல் துப்புவது?

ஒப்பந்தம் கிடைத்தது. பூட்டிய அறையும் திறந்தது. புதுத் தலைவர் எம்.டி.யோடு படித்தவருடைய மருமகனாம். இதற்கு முன்னால் ஷாம்பு விற்றுக்கொண்டிருந்தாராம். முதல் நாள் நான் ஒரு கையெழுத்துக்காகக் கிடங்குக்குப் போயிருந்தேன். நல்ல மழை. புது நோட்டோடு அவர் அண்ணனுடைய மேசைக்கு வந்து நின்றார்.

"எல்லாத்தையும் உங்ககிட்டதான் கத்துக்கணும்னு எம்.டி. சொன்னார். எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

அண்ணன் மணியைப் பார்த்தார். ஐந்து. இந்த வேலையில் பத்தொன்பது வருடத்தில் அவர் ஐந்து மணிக்கு மேசையைவிட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு, மரியாதையாகவே சொன்னார்.

"அவசரமே இல்ல சார். இன்னும் ரெண்டு வருஷத்துல தயாராயிடுவீங்க."

குடையை விரித்துக்கொண்டு நடந்தார். புது ஷூ போட்டிருந்தார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் தண்ணீர் கட்டும் வாசலில் முதல் லாரி இறங்கிச் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்தவை வரிசையாக ஹாரன் அடிக்கத் தொடங்கின.

மருமகன் என்னைப் பார்த்தார். "இப்ப என்ன பண்றது?"

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். "நான் டைப் மட்டும்தான் பண்ணுவேன்."