சலவைக்கூடத்துத் தரை

எங்கள் கான்வென்ட் சேப்பலில் ஒரு பென்சில் கீழே விழுந்தால் விழுந்த இடத்தில் நிற்காது. நடுவிலிருக்கும் வடிகால் ஓட்டைவரை உருண்டுபோகும். நாலு பக்கத்திலிருந்தும் தரை அந்த ஓட்டையை நோக்கிச் சரிகிறது. பெஞ்சுகளின் கால்களைக்கூட அதனதன் இடத்துக்குத் தகுந்தபடி அறுத்து வைத்திருக்கிறோம். புதிதாக வந்த ஃபாதர் ஒருவர் அழகுக்காக அவற்றை இடம் மாற்றிப் போட்டார். அன்று பிரசங்கம் முடியும்வரை ஜனங்கள் படகில் போகிறவர்கள் மாதிரி சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

இது கோயிலாகக் கட்டப்பட்டதே இல்லை, சலவைக்கூடம். முதன்முதலில் வந்த சிஸ்டர்களுக்குக் கோயில் கட்ட இந்த ஊரில் ஒருவரும் கையகல இடம் தரவில்லை. அவர்கள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழைத்தார்கள். ஜெப நேரம் வந்தால் துவைப்பதை நிறுத்திவிட்டு அந்த ஈரத்திலேயே முழந்தாளிட்டார்கள். பீடமும் மணியும் பிறகு வந்தவை. எல்லாம் அவர்கள் கை வெந்து சம்பாதித்தது.

இப்போது நூற்றாண்டு விழா. விழாக் குழுத் தலைவர் ஊரின் பெரிய மரக்கடைக்காரர். தரையை மட்டமாக்கிப் பளிங்கு போட்டுத் தருகிறாராம். பதிலுக்கு வாசலில் ஒரு கல்வெட்டு: இந்தக் கோயிலைக் கட்டியவர் அவருடைய தாத்தா! அந்தத் தாத்தா எங்களுக்குத் தந்ததெல்லாம் தன் வீட்டு அழுக்குத் துணி மட்டும்தான். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோயிலுக்குள்ள சாக்கடையா சிஸ்டர்? விழாவுக்கு வர்றவங்க சிரிக்க மாட்டாங்க?" என்றார்.

"சிரிக்கட்டும். உங்க தாத்தா கட்டினார்னு படிச்சா இன்னும் நல்லா சிரிப்பாங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. நேராக மதரிடம் போனார். மதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். மனிதர் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு கொத்தனாருக்குச் சொல்லிவிட்டார்.

மதர் கட்டளையிட்டால் நான் மறுக்க முடியாது. கன்னியாஸ்திரியானபோது கொடுத்த வாக்கு அது. ஆனால் அவர் இன்னும் கட்டளையிடவில்லையே! கிடைத்த அந்தச் சந்தில் புகுந்துவிட்டேன்.

வேலை தொடங்கும் காலையில் பெஞ்சுகளையெல்லாம் வெளியே எடுத்திருந்தார்கள். நானும் மற்ற சிஸ்டர்களும் விடுதிப் போர்வைகள், திரைச்சீலைகள், பீடத்துணிகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே போனோம். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து துவைக்க ஆரம்பித்தோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். அது நுரையோடு ஓடி, வழி மறக்காமல் நடுவில் போய் இறங்கியது.

கொத்தனார் கலவைச் சட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "தண்ணி ஓடுற தரையில எப்படிம்மா கலவை போடுறது?"

"போட முடியாதுல்ல? அதுக்குத்தான் துவைக்கிறோம்."

கொத்தனார் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிச் சிரித்துக்கொண்டார். மரக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "இதெல்லாம் நல்லா இல்ல!" என்று கத்திவிட்டு ஓடினார். திரும்பி வரும்போது கூடவே மதரும் வந்தார்.

மரக்கடைக்காரரை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. மதர் 'எழுந்திரு' என்றால் எழுந்துவிடுவேனே, அதுதான் என் பயம். நான் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் சிமெண்ட் இறுகிவிடும். பிறகு இங்கே துவைத்தவர்களைப் பற்றிச் சொல்ல ஊரில் ஒன்றும் மிஞ்சாது. தலையைத் தூக்காமல் போர்வையை அடித்துத் துவைத்தேன்.

மதர் வாசற்படியில் நின்று எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். செருப்பின்மேல் நுரை தெறித்தும் அவர் நகரவில்லை.

"பாத்தீங்களா மதர் அநியாயத்த? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், எல்லாரும் எழுந்திருச்சிடுவாங்கல்ல?" என்றார் மரக்கடைக்காரர்.

"கண்டிப்பா எழுந்திருச்சிடுவாங்க. அதனாலதான் சொல்லாம நிக்கிறேன்" என்றார் மதர்.