கணப்பில் காயவைத்த கயாக்

2024 அக்டோபர் 17, வியாழன்.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. 'கயாக் நன்றாகக் காய்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். மேல்பக்கம் மட்டும்தான் காய்ந்திருந்தது. மடிப்புக்குள் கைவிட்டுப் பார்க்கவில்லை.

மாலைநேர ஆங்கில வகுப்பில், வீட்டிலுள்ள ஒரு பொருளின் நன்மை தீமைகளை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். பாசித் அண்ணன் வாங்கிய, காற்றடைக்கும் சிறு துடுப்புப் படகான கயாக்கை எடுத்துக்கொண்டேன். நன்மைகள் சுலபமாக வந்தன. காற்றை இறக்கினால் ஒரு பைக்குள் அடங்கும். செண்பகனூரில் பஸ் ஏற்றி வடகவுஞ்சியில் இறக்கலாம். எளிதில் கவிழாது. தீமைகளில், காற்று பலமாக அடித்தால் இழுத்துப் போகும், பம்பு அடித்துத் தோள் வலிக்கும் என்பதோடு நிறுத்திவிட்டேன். காயாது என்பது தோன்றவே இல்லை. இந்த மாதத்தில் இந்த மலையில் எதுதான் காய்கிறது?

வடகவுஞ்சியில் குமாரவேல் என்பவர் தோட்டத்தில் விடுதி வைத்திருக்கிறார். அவருடைய குளத்தில்தான் அண்ணன் சனி, ஞாயிறுகளில் விடுதிக்கு வருபவர்களைக் காசு வாங்கிக்கொண்டு கயாக்கில் ஏற்றுகிறார். இது நிலைத்தால் குவைத்துக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். போன ஞாயிறு மழையில், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஈரத்தோடு சுருட்டிக் கொண்டுவந்தார். அதன்பிறகு ஒரே மூடுபனி. நேற்றுப் பிரித்தால் பூஞ்சை வாடை. போர்வை, ஸ்வெட்டர் காயவைப்பது போலத்தான் செய்தேன். கணப்புச் சட்டியில் கரி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் விரித்தேன். அண்ணனைக் கேட்கவில்லை.

இன்று காலை அவர் பம்பு அடித்தார். பாதி நிமிர்ந்ததும் அடிப்பக்க ஒட்டு முழ நீளத்துக்கு மெதுவாகப் பிரிந்தது. வெடிக்கக்கூட இல்லை.

"என்ன புள்ள செஞ்ச? வெயில்ல போட்டியா?"

"வெயிலு எங்கண்ணே இருக்கு? கணப்புல போட்டேன்."

ஒட்டைத் தொட்டுப் பார்த்தார். பசை நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

"நல்லவேள, மொளகாப்பொடி தடவாம விட்ட."

அம்மா சிரித்தார். என்னால் முடியவில்லை.

"பசை வாங்கி ஒட்டிரலாம்லண்ணே?"

"ஒட்டலாம். அது காயணும்ல? நாளான்னைக்கு ஆளு வருது."

குமாரவேலுக்குப் போன் செய்து, சனிக்கிழமை கயாக் வராது என்றார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ஒரு பிளாஸ்டிக் படகு வாங்கி இங்கனயே கவுத்துப் போட்டா சோலி முடிஞ்சது. நனைஞ்சாலும் கெடக்கும். நம்ம தோட்டத்து ஆளே தள்ளி விட்டுருவான்."

"சரிங்கண்ணே."

அவ்வளவுதான். அண்ணன் வாதாடவில்லை. மடங்காத படகு அங்கேயே கிடக்கும். அதைத் தூக்கிப் போக, கொண்டுவர ஆள் வேண்டாம். மடிக்கலாம் என்பதை முதல் நன்மையாக எழுதியிருந்தேன். ஈரம் தங்கியதும் அந்த மடிப்பில்தான். குமாரவேல் எப்படியும் பிளாஸ்டிக் படகு வாங்கியிருப்பாரோ என்னவோ. அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆறுதலாக இல்லை. அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் அண்ணன் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார்.

"நாளைக்கு கிளாசுக்குப் போறப்ப இத ரெண்டு காப்பி எடுத்துரு. குவைத் ஏஜென்ட் வெரசா கேக்குறாரு."

"கயாக்க என்ன செய்ய?"

"கெடக்கட்டும். வெயில் வந்தா ஒட்டுவோம்."

வெயில் வருவதற்குள் அவர் போய்விடுவார்.

நாளை: வகுப்புக்கு முன் பஜாரில் அண்ணனின் பாஸ்போர்ட்டை இரண்டு நகல் எடுக்க வேண்டும்.