மூன்றாவது அறையில் ஒரு கணவாய்

ஒசாகாவின் அந்தப் பழைய அங்காடியில், நான்காம் மாடிப் பெண்கள் கழிப்பறையைப் பதினோரு வருடமாகத் துடைத்து வருபவள் சவாடா கினுயோ. மார்ச் மாதத் திங்கட்கிழமை ஒன்றில், மூன்றாவது அறையின் சுவரில் அவள் ஒரு கணவாய் மீனைக் கண்டாள்.

சுவர் இத்தாலியச் சிவப்புப் பளிங்கு. அதில் சுண்டுவிரல் நீளத்துக்கு, கூர்நுனியோடு வெளிறிய கூம்பு ஒன்று. இத்தனை நாளும் கறை என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்து வந்தவளும் அவள்தான். நூலகத்தில் எடுத்த புதைபடிவப் புத்தகத்தில் அச்சாக அதே கூம்பைப் பார்த்த பிறகுதான் அது கணவாய் இனத்தின் மிச்சம் என்று அவளுக்குப் புரிந்தது.

மேற்பார்வையாளர் ஒகினோவிடம் ஓடினாள்.

"கணவாயா? சாப்பாட்டுக் கடையெல்லாம் ஏழாவது மாடியில," என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

கினுயோ விடவில்லை. புகைப்படம் எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள். மறுநாள் குரிஹரா என்ற ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்தார். குரலைக் கேட்டால் முப்பது வயதுகூட இருக்காது.

"பக்கத்துல வெள்ளையா, உருண்டையா ஒண்ணு இருக்கே, அதுவும் ஃபாசிலா?"

"அது டாய்லெட் பேப்பர் சார். அளவு தெரியட்டும்னு வெச்சேன்."

வியாழக்கிழமை கடை திறக்குமுன் வந்து பார்த்துவிடுவதாக ஏற்பாடு. ரயில் தாமதம். அவர் வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால். கடை திறந்தாகிவிட்டது, அன்றைக்குத் தள்ளுபடி விற்பனை வேறு. கினுயோ அவரை மூன்றாவது அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, 'சுத்தம் நடக்கிறது' பலகையோடு வாசலில் நின்றாள்.

ஒசாகா அம்மாக்களைப் பலகையா நிறுத்தும்?

"நாங்க மட்டும் என்ன, அழுக்குப் பண்ணவா வந்தோம்? தள்ளும்மா," என்று சிறுத்தைப் புள்ளிச் சட்டை போட்ட ஒருத்தி உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே ஆறு பேர்.

அந்த நேரம் பார்த்து மூன்றாவது அறைக்குள்ளிருந்து ஆண்குரல் கேட்டது: "ஆகா! என்ன அழகு! என்ன அழகு!"

ஏழு பேரும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரோ தன்னைத்தானே பாராட்டிக்கிறாங்க," என்றாள் சிறுத்தைச் சட்டைக்காரி மெல்ல.

"மியூசியத்து சார்மா. ஃபாசில் பாக்கறாரு," என்று கெஞ்சினாள் கினுயோ. "பதினஞ்சு கோடி வருஷம்..."

"ஐயையோ! அவ்வளவு நேரமாவா உள்ள இருக்காரு?"

கதவு திறந்தது. பூதக்கண்ணாடியும் கையுமாக, சுவரைவிடச் சிவந்த முகத்தோடு குரிஹரா நின்றார். மன்னிப்புக் கேட்டுக் குனிந்தவரை ஒதுக்கிவிட்டு எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"கேரட்டு மாதிரி இருக்கு."

"பென்சில்டீ இது."

"என் வீட்டுக்காரர் மூக்கு!"

அதைக் கேட்டதும் குரிஹராவுக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது. "இல்லங்க. சவாடா அம்மா சொன்னதுதான் சரி. இது பேரு பெலெம்னைட், கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். சதையெல்லாம் போயி, உள்ள இருந்த கெட்டி ஓடு மட்டும் மிச்சம். எத்தனை ஆயிரம் பேரு இங்க உக்காந்திருப்பாங்க! கண்டுபிடிச்சது இவங்க ஒருத்தர்தான்."

ஏழு பேரும் கைதட்டினார்கள். கினுயோ கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சிறுத்தைச் சட்டைக்காரி கைப்பையைத் துழாவி, "இந்தா தம்பி, மிட்டாய்," என்று குரிஹராவிடம் நீட்டினாள்.

"சார்! இங்கயும் ஒண்ணு இருக்கு, வாங்க!" என்று நான்காவது அறையிலிருந்து ஒரு குரல்.

"முதல்ல நீங்க வெளிய வாங்கம்மா!" என்றாள் கினுயோ.

அங்கே இருந்தது பழைய சூயிங்கம். குரிஹரா மரியாதையாக அதை மூன்று நிமிடம் ஆராய்ந்த பிறகே சொன்னார். கினுயோவுக்கு மானமே போயிற்று. அவர் திரும்புவதற்குள் சுரண்டி எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. 'கண்டறிந்தவர்: சவாடா கினுயோ. இடம்: நான்காம் மாடி, பெண்கள் கழிப்பறை, மூன்றாம் அறை.' அவள் அதை ஒகினோவுக்கு இரண்டு தடவை உரக்க வாசித்துக் காட்டினாள். அவர் உடனே அம்புக்குறி போட்டு ஓர் அறிவிப்பு மாட்டினார்.

அதிலிருந்து மற்ற நான்கு அறைகளும் காலி. மூன்றாவதற்கு மட்டும் வரிசை.

"உள்ள யாரு? இன்னும் எவ்வளவு நேரம்?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்!"

"நீ பாத்தது போதும், எனக்கு அவசரம்!"

"அப்ப நாலாவதுக்குப் போங்கம்மா," என்றாள் கினுயோ. "அது பளபளன்னு இருக்கு."