தயாரிப்பாளரின் தொண்டைக்கு ஒரு பூட்டு

"முடிங்க! முடிங்கன்னு சொல்றேன்ல!"

ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் போட்டேன். தயாரிப்பாளர் கத்திய கத்தலில் காதுக்குள் குய்யென்றது. இது வெறும் ஒத்திகைதான். ஆறு மணிச் செய்திக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

எங்கள் தயாரிப்பாளர் கண்ட்ரோல் அறையில் ஒரு பொத்தானை அமுக்கிப் பேசினால், அது ஸ்டூடியோவில் செய்தி வாசிக்கும் அக்காவின் காதில் செருகிய குட்டி இயர்பீஸுக்கும் என் ஹெட்போனுக்கும் மட்டும் போகும். போக வேண்டும். நேற்று இவர் கத்திய கத்தலில், அது அக்காவின் காதிலிருந்து கசிந்து, புடவையில் குத்திய மைக்கில் ஏறி, நேயர்களின் வீடு வரைக்கும் போய்விட்டது. "யாருங்க அந்தம்மாவைப் போட்டுத் திட்டுறது?" என்று பதினோரு பேர் போன் செய்து கேட்டார்கள்.

இதே மனிதர் கேண்டீனில் டீ கேட்டால், "என்ன சார்? என்ன சார்?" என்று டீ மாஸ்டர் மூன்று முறை கேட்பார். அவ்வளவு மெல்லிய குரல். பொத்தானைத் தொட்டால் மட்டும் சாமி வந்துவிடும்.

புது நியூஸ் எடிட்டர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு ஒரு தப்பு வந்தாலும் நாளையிலிருந்து வேற ஆளு வாசிப்பாங்க. அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு."

"தப்பு வராது சார்," என்றேன்.

தைரியத்துக்குக் காரணம், அக்காவின் காதுக்குப் போகும் வயரில், காலையில் யாரிடமும் சொல்லாமல் நான் மாட்டிய லெவல் பெட்டி. எவ்வளவு கத்தினாலும் ஒரே அளவுக்கு அடக்கி அனுப்பிவிடும். சவுண்ட் இன்ஜினியர் என்றால் சும்மாவா!

செய்தி தொடங்கியது. மூன்றாவது செய்தியில், பாலத்தின் மேல் நின்று வெள்ளத்தைப் பற்றிப் பேசிய நிருபரின் படம் பாதி வாய் திறந்தபடி உறைந்தது.

"லைன் போச்சு. அடுத்ததுக்குப் போங்க."

அக்கா போகவில்லை. "சொல்லுங்கள், இப்போது நீர்மட்டம் எவ்வளவு?" என்று உறைந்த முகத்தைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"அடுத்தது! அடுத்தது!" தயாரிப்பாளரின் கழுத்து நரம்பு புடைத்தது. என் பெட்டியில் ஒரே ஒரு பச்சை விளக்கு, ஆடாமல் அசையாமல் எரிந்தது.

இரண்டு விநாடி. மூன்று. அக்காவின் விரல் காதுக்குப் போய் இயர்பீஸை அழுத்தியது. எடிட்டர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா சொல்பேச்சுக் கேட்காமல் இல்லை. பெட்டி அடக்கிய குரல் அவர் காதில் விழவேயில்லை!

பெட்டியை அணைத்தேன். அக்காவின் மைக் ஒலியை இறக்கினேன். "சார், இப்பக் கத்துங்க!"

"அடுத்தது!"

அக்காவின் தோள் துள்ளியது. மைக்கை ஏற்றினேன். "நிருபருடன் தொடர்பு துண்டிக்கப்பட்டுள்ளது. அடுத்து..." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"நான் விரலைக் காட்டும்போது மட்டும் கத்துங்க சார்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அக்கா மூச்சு விடும் இடைவெளியில் மைக்கை இறக்கு, விரலைக் காட்டு, அவர் கத்தட்டும், ஏற்று. இருபது நிமிடம் இதே பாடு. விரல் வியர்வையில் வழுக்கியது. ஒரு அரை விநாடி பிசகினால் அக்காவின் வேலை போச்சு.

பிசகவில்லை. எடிட்டர் பேனாவை மூடினார். "பரவாயில்லையே. இந்தம்மாவே இருக்கட்டும்," என்று கிளம்பினார்.

கதவு சாத்தும்வரை பொறுத்திருந்து, தயாரிப்பாளர் பக்கம் நாற்காலியைத் திருப்பினேன்.

"சார், மன்னிச்சிடுங்க. உங்க சத்தம் தாங்காம காலையில நான்தான் ஒரு பெட்டி மாட்டினேன். அப்புறம் இன்னொண்ணு... நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அக்காவுக்குக் காது சரியாக் கேக்கல."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார். பிறகு, பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்காத அந்தக் கேண்டீன் குரலில் சொன்னார்:

"பின்ன, ஒரு வருஷமா நான் எதுக்கும்மா தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன்?"