கார் போகாத வழி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சலவை அறையில். கிடைத்தது என்பதைவிட, எனக்கு அடுத்த நேரத்துக்கு வந்தவரிடம் பிடுங்கினேன் என்பதே சரி.

ஒஸ்லோவின் விளிம்பில், அம்மருட்டில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் நிலவறையில் பொதுச் சலவை அறை ஒன்று உண்டு. சுவரில் ஒரு பலகை. அதில் நாளுக்கும் நேரத்துக்குமாகத் துளைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு கொடுத்திருக்கிறார்கள். வேண்டிய துளையில் பூட்டை மாட்டிவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் இயந்திரம் உங்களுடையது. சண்டை கிடையாது, வரிசை கிடையாது. (இப்படி எதையாவது விளக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள், கதையே இதை நம்பித்தான் நடக்கிறது.)

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை, பிற்பகல். என் நேரம் முடிந்து அடுத்த பூட்டுக்காரர் வந்தார். நான்காம் மாடி உதயகுமாரி அக்கா. வயது நாற்பத்தாறு. வயதானவர்களின் வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்து, குளிக்க வைத்து, உணவு எடுத்துவைக்கும் வீட்டுப் பராமரிப்பு வேலை. சீருடைக் காற்சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, விழுந்துட்டீங்களா?"

"விழேல்லைத் தம்பி. சறுக்கி வந்தனான்."

2

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். கைவிட்ட தொடக்கங்களை அழிக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

ஒஸ்லோவின் வானம் சாம்பல் பூத்துக் கிடந்த அந்தக் காலையில் — (பொய். அன்று வானம் கண் கூசும் நீலம்.)

அந்நிய மண்ணில் தன்னந்தனியாக ஒரு பெண் — (இதை அடுத்த வாரம் அவரிடமே படித்துக் காட்டினேன். "ஆர் தனிய? வீட்டில மூண்டு பேர், வேலையில இருபத்திரண்டு பேர். தனிய இருக்க எனக்கு எங்கை நேரம்?" என்றார்.)

பனியில் வழி தவறிய உதயகுமாரி, திரும்பிப் பார்த்தபோது தன் காலடித் தடங்களும் — (இதற்குத்தான் கோபம் வந்தது.)

"ஏன் தம்பி என்னைத் தொலைக்கிறீர்? எனக்கு வழி தெரியும் எண்டதுதானே கதை!"

"இல்லக்கா, வழி தெரியாம நிக்கிற மாதிரி எழுதினா படிக்கிறவங்களுக்கு மனசு கனக்கும்ல?"

"அவையளுக்குக் கனக்கட்டும். எனக்குக் கால் கனக்கேல்லை."

ஆகவே நான்காவது தொடக்கம். இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

உதயகுமாரி அக்கா ஒன்பது வருடங்களாகத் தன் தோழி நிருஜாவின் வீட்டுக்கு எட்டு நிமிடம் காரில் போய்வந்தார்.

3

கணவர் யோகராசா ஓட்டுவார். மடியில் சாப்பாட்டுப் பாத்திரம், காலடியில் இன்னொன்று. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, சும்மா ஒரு தேநீர் — எதற்கும் கார்தான். ("எங்கட ஆக்கள் அப்பிடித்தான். சீலை கட்டினா நடக்கக் கூடாது எண்டு ஆரோ சட்டம் போட்ட மாதிரி.") கட்டடத்துக்கு வெளியே வந்து, வளைந்து போகும் சாலையில் ஏறி, ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, இரண்டு வேகத்தடை தாண்டி, நிருஜா வீட்டு வாகனத் தரிப்பிடம். நிருஜா வேறு ஊரில் இருப்பதாகவே அக்காவின் மனதில் பதிந்திருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் ஞாயிறு. யோகராசாவுக்குக் காய்ச்சல், கார் நின்றது. ஆனால் நிருஜாவுக்குக் கொடுக்க வேண்டிய கத்தரிக்காய்க் குழம்பு சூடாக இருந்தது. அக்கா பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, கட்டடத்தின் பின்பக்கமாக இறங்கினார். ஒரு நடைபாதை. அது சாலைக்கு அடியிலிருந்த சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது. வெளியே வந்தால் பிர்ச் மரங்கள் நான்கு, ஒரு ஊஞ்சல், அதற்கப்பால் ஒரு சமையலறை ஜன்னல். ஜன்னலில் நிருஜா.

நூற்று நாற்பது அடி எடுத்து வைத்திருந்தார். குழம்பு ஆறவில்லை.

"நீ நடந்தோ வந்தனீ?" என்று நிருஜா வாயைப் பிளந்தார். "ஒன்பது வருஷமா உன்ர பல்கனி விளக்கைத்தான் நான் ஆரோ வெள்ளைக்காரற்றை எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்!"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் ஒஸ்லோவின் விளிம்பில் இப்படிப்பட்ட குடியிருப்புகளைக் கட்டியவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: கார் வெளியே, மனிதர் உள்ளே. கார்ச் சாலை குடியிருப்பைச் சுற்றி ஓடும். நடுவில் புல்வெளி, பள்ளிக்கூடம், படிக்கட்டு, சுரங்கப் பாதை. ஒரு குழந்தை வீட்டிலிருந்து வகுப்பறைவரை ஒரு கார்ச் சாலையைக்கூடக் குறுக்கே கடக்காமல் போய்விடலாம். ஒரு வட்டத்தின் விளிம்பில் ஓடுகிறது கார். நடப்பவருக்கோ வட்டத்தின் குறுக்கே வழி இருக்கிறது. காரில் மட்டுமே போகிறவருக்கு இந்த ஊரின் உட்புறம் தெரியவே தெரியாது.

அன்று முதல் ஞாயிறு தவறாமல் அக்கா நடந்தார். வெளிநாட்டில் குடியிருக்கிறவர்கள் ஊரை அறிவதற்கு அருங்காட்சியகம், துறைமுகம் என்று போவார்கள். இவர் கையில் பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பி. எந்தப் படிக்கட்டு எங்கே இறங்குகிறது, எத்தனை படி, எந்த வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது, எங்கே வெயில் விழுந்து பனி சீக்கிரம் உருகும். அம்மருட் முடிந்ததும் மேட்டில் ஏறினார்; ஒரு தடவை ரயில் பாதையின் கடைசி நிலையமான வெஸ்ட்லிவரைக்கும் நடந்துபோய், ரயிலில் திரும்பினார்.

4

இனி, எதற்காக இந்த ஓட்டம் என்பது.

அக்காவுக்கு அறுபது சதவீத வேலைதான். மீதி நாட்களுக்குத் தொலைபேசி அடிக்குமா என்று காத்திருக்க வேண்டும். முழு நேர நிரந்தர வேலை, இங்குள்ளவர்கள் 'ஃபாஸ்ட் ஸ்டில்லிங்' என்று பக்தியோடு உச்சரிக்கும் அந்த வேலை, ஒன்று காலியானது. நிபந்தனை: ஓட்டுநர் உரிமம். அக்கா எழுத்துத் தேர்வில் மூன்று தரம் தவறி, நான்காம் தரம் தேறி, ஓட்டிக் காட்டும் தேர்வில் இரண்டு தரம் தவறியவர்.

மேலாளர் ஹில்டவிடம் கொப்பியோடு போனார். "இந்த வேலையின் காலைச் சுற்றில் இருக்கும் ஆறு வீடுகளும் காரில் முப்பத்தெட்டு நிமிடப் பயணம் என்று உங்கள் அட்டவணை சொல்கிறது. நடந்தால் முப்பத்தொன்று" என்று தன் நோர்வீஜிய மொழியில், திக்காமல், சொன்னார். ஹில்ட கொப்பியைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். பிறகு சொன்னார்: "ஜனவரியில் ஒரு வாரம் நடந்து காட்டு. ஒரு நாளும் பிந்தாவிட்டால் நிபந்தனையை எடுத்துவிடுகிறேன்."

ஜனவரியை ஹில்ட தெரிந்தேதான் சொன்னார். ஆகஸ்டில் எல்லோரும் நடப்பார்கள்.

ஆறாவது வீட்டில்தான் சிக்கல். அங்கே இருப்பவரைப் படுக்கையிலிருந்து தூக்கு இயந்திரத்தில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஆகவே பத்தேகாலுக்கு இன்னொரு பராமரிப்பாளரும் காரில் அங்கே வருவார்: கஜரூபன், இங்கேயே பிறந்த பையன், இருபத்தாறு வயது. யார் பிந்தினாலும் படுக்கையில் ஒருவர் காத்திருப்பார்.

"அன்ரி, சீரியஸாவோ, நடந்தோ? நான் வந்து காபியும் குடிச்சு முடிச்சிடுவன்."

"குடி, குடி. எனக்கும் ஒண்டு ஊத்தி வை."

(அந்த ஆறு வீட்டுக்காரர்களைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே சொல்ல முடியாது. "அது வெளியில கதைக்கிற விஷயமில்லை, தம்பி. கேக்கவும் வேண்டாம்" என்றார் அக்கா. நல்ல கதாபாத்திரங்கள் ஆறு பேர் கையைவிட்டுப் போனார்கள். என்னிடம் ஆறு கதவுகள் மட்டும் இருக்கின்றன.)

5

திங்கள் முதல் வியாழன்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. கதாசிரியனுக்கு இது பெரிய பிரச்சினை. வியாழனன்று அக்காவைக் கொஞ்சம் வழுக்கி விழவைக்கலாமா என்று யோசித்தேன். சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டை போட்டிருந்தாராம். விழமாட்டாராம்.

வியாழன் இரவு கொட்டியது. வெள்ளிக் காலை முழங்கால் அளவு பனி.

நடைபாதைகளை ஆறு மணிக்கே வண்டி தள்ளிச் சுத்தம் செய்திருந்தது. நான்கு வீடுகள் நேரத்துக்கு முடிந்தன. ஐந்தாவது வீட்டுக் கதவைச் சாத்தும்போது பத்து மணி ஏழு நிமிடம். ஆறாவது வீடு நேர் கீழே, மேட்டின் அடிவாரத்தில். நடுவே எழுபத்திரண்டு படிகள். ஆனால் படிகளின் தலைப்பில் ஒரு பலகை உண்டு: குளிர்காலத்தில் பராமரிக்கப்படாது. நான்கு நாளாகப் பனி குறைவு, கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். இன்று படியே இல்லை. வெள்ளைச் சரிவு மட்டும். சுற்றிப் போனால் பதினைந்து நிமிடம். இருப்பது எட்டு.

அக்கா முதுகுப் பையைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் தட்டை எடுத்தார். இருக்கைக்கு அளவான தட்டு, முன்னால் ஒரு பிடி. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். அதன்மேல் உட்கார்ந்து சரிவில் சறுக்குவார்கள்.

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது, உங்களுக்கும் வந்திருக்கும். கேட்டேன்.

"அதெப்படிக்கா கரெக்டா அன்னிக்குப் பையில இருந்துது? கதைக்காக வச்ச மாதிரி இருக்கே?"

"அண்டைக்கு மட்டுமில்லை. திங்கள்ல இருந்தே கிடந்தது. பலகையில எழுதிக் கிடக்கிறதை நான் செப்டெம்பரிலேயே கொப்பியில குறிச்சிட்டன். பனி கொட்டினா படி இல்லை. படி இல்லாட்டி என்ன செய்யிறது எண்டு யோசிக்காமலோ ஹில்டவிட்டைப் போனனான்?"

"புதுப் பனில தட்டு புதைஞ்சிடாதா?"

இந்தக் கேள்வியை அவர் ரசித்தார். எனக்குத் தெரியும், இயங்கும் விதம் பற்றிய கேள்விகளை ரசிப்பவர்களை நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன்.

"புதையும். ஆனா எட்டரைக்குப் பள்ளிக்கூடம். மேல இருக்கிற பிள்ளையள் எல்லாம் படிக்குப் பக்கத்திலதான் சறுக்கிப் போவினம். முப்பது பேர் போனா, பனி இறுகிப் பாதை வந்திடும். பத்து மணிக்கு அது கண்ணாடி மாதிரி. நான் டிசம்பரில மூண்டு சனிக்கிழமை போய்ப் பழகினனான்."

சீருடையோடு, மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதயகுமாரி அக்கா உட்கார்ந்தார். கால்களை முன்னே நீட்டினார். காற்று காதுக்குள் விசிலடித்தது. பிர்ச் மரங்கள் பக்கவாட்டில் ஓடின. ஒரு முதியவர் நாயோடு நின்று "ஹையா!" என்று கத்தினார். பாதி வழியில் தன் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வந்ததை அக்கா கேட்டார். அது பயமில்லை.

அடிவாரத்தில் குதிகாலை ஊன்றினார். எழுந்து பனியைத் தட்டினார். ஆறாவது கதவில் கைபேசியை வைத்து வருகையைப் பதிந்தபோது பத்து மணி பதினொரு நிமிடம்.

கஜரூபன் வந்தது பத்து இருபத்திரண்டுக்கு. தரிப்பிட வாசலில் பனி வண்டி குவித்த மேட்டை அவனே மண்வெட்டியால் வெட்டியிருக்கிறான். இடுப்புவரை வெள்ளை.

"என்ன கஜன், காபி முடிஞ்சுதோ?"

அவன் அக்காவின் தோளில் தொங்கிய சிவப்புத் தட்டைப் பார்த்தான். பின்னாலிருந்த சரிவைப் பார்த்தான். "ஹேர்றெகுட், அன்ரி!" என்றான்; 'அட கடவுளே' என்பதற்கு இந்த ஊர்ச் சொல். பிறகு, தாழ்ந்த குரலில்: "திங்கள் எனக்கும் அந்தப் பாதையைக் காட்டுவீங்களோ?"

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) தட்டு கல்லில் மோதுகிறது. அக்கா பனியில் கிடக்கிறார், வானத்தைப் பார்த்தபடி — (இதை நான் அவரிடம் காட்டவே இல்லை.)

ஆ) நேரத்துக்கு வருகிறார், ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான் என்று ஹில்ட — (ஹில்ட அப்படிப்பட்டவர் அல்ல. அவரைக் கெட்டவராக்க எனக்கு என்ன உரிமை?)

இ) உண்மை. வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. நூறு சதவீதம், நிரந்தரம், உரிமம் என்ற வரி அடிக்கப்பட்டு. கொப்பியை ஹில்ட நகல் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். இப்போது நான்கு பேர் நடக்கிறார்கள். யோகராசாவும் நிருஜா வீட்டுக்கு நடந்தே வருகிறார், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு.

மூன்றாவதை வாசித்துக் காட்டினேன். உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் சரி. ஆனா கடிதத்தில முடிக்காதையும். கடிதம் ஒரு நிமிஷம் வாசிச்சா முடிஞ்சுது."

"அப்ப எதுலக்கா முடிக்க?"

"மேட்டில வச்சு முடிச்சுவிடும். இறங்க முந்தி."

7

சரி. அவர் சொன்னபடியே.

மணி பத்து ஏழு. நீங்கள் மேலே நிற்கிறீர்கள். வானம் நீலம். கீழே, தூரத்தில், ஒரு கதவு. சுற்றுச் சாலையில் யாரோ கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் சத்தம் கேட்கிறது. இந்தாருங்கள், சிவப்புத் தட்டு. பிடி முன்பக்கம் இருக்கட்டும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்ப வலப்பக்கம் சாயுங்கள். நிற்க வேண்டுமானால் இரண்டு குதிகாலும் ஒன்றாக.

நான் உங்களைத் தள்ளிவிடமாட்டேன். அது உங்கள் வேலை.