பத்தாம் வீட்டில் ஆள் இருக்கு

ஆராயி உயிரோடு இருந்தவரை மாதம் நாற்பது யூனிட் கரண்ட் செலவு செய்தாள். செத்த பிறகு இருநூற்றுப் பத்து.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் போனால், ஒரே வரிசையில் பத்து வீடுகள். மகளிர் குழுப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய கடனில் எழும்பியவை. மற்றக் கடன்களைவிட வட்டி பாதிதான். அதற்குப் பதிலாக வீட்டுக்குள் நெருப்பு என்கிற பேச்சே கூடாது. கேஸ் கிடையாது, விறகு கிடையாது, எல்லாமே கரண்ட். சூடு இறங்காத சுவர், மாடியில் சோலார் பலகை, சமையல்கட்டில் கண்ணாடி போட்ட மின்சார அடுப்பு. சாமிக்கு முன்னால்கூட பல்ப் விளக்கு. மலையே தீபமாக எரிகிற ஊரில் சாமி இதைப் பொறுத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

இன்னும் இரண்டு நிபந்தனை உண்டு. மாதம் நூறு யூனிட்டைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டு வருஷம் பத்து வீட்டிலும் ஆள் குடியிருக்க வேண்டும். ஒரு வீடு பூட்டிக் கிடந்தாலும் பத்துப் பேருக்கும் வட்டி இரட்டிப்பு.

தையில் குடி வந்தார்கள். பங்குனியில் ஆராயி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. கிரிவலப் பாதையில் வேர்க்கடலை அவித்து விற்றவள். கஞ்சம் என்றால் அப்படி ஒரு கஞ்சம். மின்னல் வெட்டுகிற வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்ப்பாள். சோறு பாதி வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மீதி அரிசியை முறைத்துப் பார்த்தே வேக வைப்பாள்.

காரியம் முடிந்த அன்றைக்குக் குழுத் தலைவி சரோஜா எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தாள்.

"ஆராயி சாவல. புரிஞ்சுதா? மீட்டர் ஓடுற வரைக்கும் அவ சாவல."

"அதெப்டிக்கா? நாமதானே தூக்கிப் போட்டோம்," என்றாள் பாஞ்சாலை.

"தூக்கிப் போட்டது நமக்குத் தெரியும். கடன் குடுத்தவனுக்கு இன்னா தெரியும்? கிழமைக்கு ஒருத்தி ரெண்டு பேருன்னு போய் ஃபேன் போடுங்க, அடுப்பு போடுங்க. அவ தவணைய ஒம்பது பேரும் பங்கு போட்டுக் கட்டிடலாம்."

பாஞ்சாலையும் சரியென்று தலையாட்டினாள். ஐம்பத்தாறு வயதுக்குள் முப்பத்தோரு வாடகை வீடு மாறியவள் அவள். மகன் மாறனும் மருமகள் கவிநிலாவும் அவளுமாக, சொந்தச் சுவரில் ஆணி அடித்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வட்டி ஏறினால் வீடே ஆணியோடு போய்விடும்.

அப்படித்தான் ஒன்பது பெண்கள் முறை வைத்து ஆராயியாக வாழ ஆரம்பித்தார்கள். வாழ்ந்தார்கள் என்றால் சும்மா இல்லை. புருஷன் தொல்லை இல்லை, பிள்ளை தொல்லை இல்லை. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. டிவியில் சீரியல் மாற்றிச் சீரியல் ஓடியது. ஒருத்தி வடை சுட்டாள், ஒருத்தி ஒரே பகலில் இரண்டு தடவை வெந்நீரில் குளித்தாள். ஆராயி ஏழு ஜென்மத்தில் காணாத சுகத்தை அவள் மீட்டர் ஆறே மாதத்தில் கண்டது.

செத்தவள் வீட்டில் டிவி பேசுகிறது என்று தெருவே மிரண்டது. எட்டிப் பார்க்க யாரும் வராமல் இருந்தால் நல்லதுதானே என்று சரோஜா அந்த வதந்திக்குக் கையும் காலும் வைத்து விட்டாள். பால்காரர் தெருமுனையோடு நின்றுகொண்டார். ஆட்டோக்காரர்கள் பேய்க்கென்று தனியாக முப்பது ரூபாய் கேட்டார்கள்.

பாஞ்சாலையின் முறை வியாழக்கிழமை. முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம், மூன்றாம் வேகத்தில் வைத்துவிட்டுப் போன ஃபேன் திரும்பி வந்து பார்த்தால் ஒன்றில் சுற்றியது. அடுப்பில் பால் பொங்கும் முன்னே விளக்கு அணைந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்க, வேர்க்கடலை அவிகிற வாசனை சமையல்கட்டிலிருந்து வந்தது.

"உன் கையே அணைச்சிருக்கும். வயசாவுதில்ல," என்றாள் சரோஜா.

அது உண்மையாகவே பாஞ்சாலையின் கைதான். ஒரு வியாழன் மத்தியானம் அவளே கண்ணால் பார்த்தாள். தன் வலது கை தன்னைக் கேட்காமல் எழுந்து, சுவரோரம் போய், சுவிட்சைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து மடியில் படுத்துக்கொண்டது. வேறு எவளாவது இருந்தால் செங்கம் வரைக்கும் ஓடியிருப்பாள். பாஞ்சாலை கையைப் பார்த்து, "சரி, விடு. இனிமே ஒண்ணுலயே வைக்கிறேன்," என்றாள்.

புரட்டாசியில் ஒரு பகல், கடன் கம்பெனியிலிருந்து நந்தினி என்கிற பெண் காகிதக் கட்டோடு வந்து இறங்கினாள். அன்றைக்கு வியாழன்.

"ஆராயி அம்மா யாருங்க?"

சரோஜா கண்ணை இமைக்கவில்லை. "தோ, இவங்கதான்," என்று பாஞ்சாலையை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தாள்.

நந்தினி காகிதத்தைப் புரட்டினாள். "ஆரம்பத்துல நாப்பது யூனிட்டுங்க. இப்ப இருநூத்திப் பத்து. பக்கத்து வீட்ல ஆறு பேரு, அங்கயே தொண்ணூறுதான். நீங்க ஒருத்தர் இருந்துக்கிட்டு இவ்ளோ எப்டிம்மா? இப்டியே போனா எல்லாருக்கும் சலுகை போயிடும்."

புழுக்கம் ஜாஸ்தி என்று சொல்லத்தான் பாஞ்சாலை வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்தது வேறு குரல். தேய்ந்து, இழுத்து, கடலை விலை சொல்கிற குரல்.

"நான் இல்ல கண்ணு. நான் போய் ஆறு மாசமாச்சு. இவளுங்கதான் ஆளாளுக்கு வந்து என் கரண்ட்டைக் கரைக்கிறாளுங்க."

தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகி நின்றது. சரோஜா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நந்தினியின் கையிலிருந்து காகிதங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

பாஞ்சாலைதான் எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது அவளுக்குத் தன் குரல் திரும்பியிருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

நந்தினி இரண்டு சொம்பு குடித்த பிறகு பேசினாள். "செத்துட்டாங்கன்னா செத்துட்டாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே. அவங்க எடத்துல வேற ஆளைக் குழுவுல சேத்துக்கலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்குதே. யாரும் படிக்கலியா?"

யாரும் படிக்கவில்லை.

"பதினஞ்சு நாள் தரேன். குடியிருக்க ஆளைக் காட்டுங்க. இல்லாட்டி என்னால ஒண்ணும் பண்ண முடியாது." சொன்னவள் காகிதங்களைப் பொறுக்கக்கூட நிற்கவில்லை.

ஆள் எங்கே கிடைக்கும்? பாதி வட்டிக்குப் புது வீடு என்றால் ஊரே வரிசையில் நிற்கும்தான். ஆனால் அது பேய் வீடு என்று போளூர் வரைக்கும் பரப்பியதே சரோஜாதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து சகாதேவன் என்று ஒருவர் பெண்டாட்டியோடு வந்தார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் விலாசம் கேட்டார். பாதி டீயை வைத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

பதிமூன்றாம் நாள் பாஞ்சாலை துணிமணியை மூட்டை கட்டினாள். தன் வீட்டையும் குழுவில் தன் இடத்தையும் கவிநிலா பேருக்கு மாற்றச் சொல்லிவிட்டு, பத்தாம் வீட்டுக்குத் தன் பேரைக் கொடுத்தாள்.

கவிநிலா கண் கலங்கிவிட்டாள். "அத்த, எங்க மேல கோவமா?"

"கோவம் இல்லடி. நீங்க ரெண்டு பேரும் ஃபோனைப் பாத்துக்கினே தலையாட்டுறீங்க. அங்க ஒருத்தி நான் சொல்றதைக் கேக்குறா."

"பயமா இல்லியா அத்த?"

"மொதல்ல இருந்துச்சு. இப்ப, வியாழக்கெழம ஏன் வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு வருதுன்னு இருக்குது."

ஒரு மாதம் கழித்து நந்தினி போன் செய்தாள். நேரில் வர மாட்டேன் என்று ஆபீஸில் எழுதியே கொடுத்துவிட்டாளாம்.

"மீட்டர் கணக்கை இங்கேருந்தே பாத்தேம்மா. நூறுக்கு ரொம்பக் கீழதான் இருக்குது. பத்துப் பேருக்கும் சலுகை தொடரும். படிவத்துல ஒரே ஒரு கட்டம் பாக்கி. வீட்ல இப்ப எத்தனை பேரு இருக்கீங்க?"

பாஞ்சாலை சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். தலையாட்டிக்கொண்டாள்.

"ரெண்டுன்னு போட்டுக்கம்மா," என்றாள். "ஆனா ஒருத்திக்கு ரேஷன் கார்டு இல்ல."